எழுபது ரெக்கார்டர்கள் எதற்கு? மறுமலர்ச்சிக் காலத்தின் இசையும் கருவிகளும்

இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றி 1547 ஜனவரியில் இறந்த பிறகு, அவருடைய அரண்மனைகளில் இருந்த உடைமைகளை அதிகாரிகள் ஒவ்வொன்றாக எண்ணிப் பட்டியல் எடுத்தார்கள். நகை, வெள்ளிப் பாத்திரம், பீரங்கி, திரைச்சீலை என்று நீளும் அந்தப் பட்டியலில் இசைக்கருவிகளுக்கும் ஒரு பகுதி உண்டு. அவற்றுள் பல, அரசவையில் லூட் என்ற நரம்புக் கருவியை வாசித்துவந்த ஃபிலிப் வான் வில்டரின் பொறுப்பில் வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனையில் இருந்தவை. ரெக்கார்டர் என்ற நேர்க்குழல் மட்டும் அதில் 70-க்கு மேல் வருகிறது. பக்கவாட்டில் பிடித்து ஊதும் புல்லாங்குழலும் ஏறக்குறைய அதே எண்ணிக்கை. ஹென்றிக்கு இசையில் உண்மையான ஈடுபாடு உண்டு, தாமே வாசிக்கவும் பாட்டு எழுதவும் செய்தவர் என்றாலும், எவ்வளவு பெரிய ரசிகருக்கும் எழுபது குழல்கள் எதற்கு என்ற கேள்வி எழத்தான் செய்யும்.

அந்தக் குழல்கள் தனித்தனியாக எண்ணப்படவில்லை என்பதில் விடை இருக்கிறது. பெரிதும் சிறிதுமான ரெக்கார்டர்கள் ஒரு பெட்டி, இன்னொரு பெட்டி என்று தோலுறை போட்ட பெட்டிகளாக அவை பதிவாகியிருக்கின்றன. வாங்கியது பெட்டியாக, வைத்தது பெட்டியாக, வாசித்ததும் பெட்டியாகத்தான். ஒரு பெட்டிக்குள் இருப்பவை ஒரே கைவினைஞர் ஒரே சுருதிக்கு இழைத்த, உயரத்தில் மட்டும் வேறுபட்ட ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. 15-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து 1600 வரை ஐரோப்பாவில் உருவான கருவிகளில் பெரும்பாலானவற்றைப் புரிந்துகொள்ள இந்தப் பெட்டி ஒன்று போதும். ஏனெனில் அந்தக் கருவிகள் மனிதக் குரலைப் பார்த்துச் செய்யப்பட்டவை. அதுவும் ஒரு குரலை வைத்து அல்லாமல், ஒரே நேரத்தில் நான்கோ ஐந்தோ பேர் வெவ்வேறு மெட்டைப் பாடும் ஒரு குழுவை முன்மாதிரியாக வைத்துச் செய்யப்பட்டவை.

ஒரு பாடகர், அவருக்கு ஒரு சுருதி, பக்கத்தில் தாளம் என்ற அமைப்பில் பழகிய நம் காதுக்குப் பல்குரல் இசை முதலில் ஒரு கூச்சலாகப் படலாம். அதில் முதன்மைப் பாடகர் என்று யாரும் இல்லை. ஒருவர் தொடங்கிய சொற்றொடரைச் சில மாத்திரை கழித்து இன்னொருவர் வேறு சுரத்தில் பிடித்துக்கொள்வார். அதற்குள் முதலாமவர் வேறிடம் போயிருப்பார். ஆனாலும் எந்தக் கணத்தில் நிறுத்திக் கேட்டாலும் நான்கு குரலும் ஒன்றோடொன்று இசைந்தே நிற்கும். இந்தக் குரல்களுக்கு இருந்த பெயர்களிலேயே வரலாறு தெரிகிறது. தேவாலயத்தின் பழைய மெட்டு ஒன்றை நீட்டி நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்ற குரலுக்கு ‘பிடித்திருப்பது’ என்ற பொருளில் டெனர் என்று பெயர். அதற்கு எதிரே எழுதப்பட்ட குரல் காலப்போக்கில் மேல், கீழ் என்று இரண்டாகப் பிரிந்து ஆல்டோவும் பாஸும் ஆயிற்று.

இந்தக் கலை தங்கள் காலத்தில் புதிதாகப் பிறந்தது என்று அந்தக் காலத்தவர்களே நம்பினார்கள். நேப்பிள்ஸ் அரசவையில் இருந்த யோஹானஸ் டிங்க்டோரிஸ் 1477-இல் எழுதிய நூலில், கடந்த நாற்பது ஆண்டுகளுக்கு முற்பட்ட இசையில் கேட்கத் தகுந்தது எதுவும் இல்லை என்று துணிந்து சொல்கிறார். ஊற்றுக்கண் ஆங்கிலேயர்களிடம், குறிப்பாக டன்ஸ்டபிள் என்ற இசையமைப்பாளரிடம் இருந்தது என்பது அவர் கருத்து. அது கொஞ்சம் அதிகப்படியான பேச்சு. ஆனால் அவர் காதில் விழுந்த மாற்றம் பொய்யில்லை. அது ‘க’ என்ற காந்தாரத்தைப் பற்றியது. இடைக்கால ஐரோப்பிய இசையில் ‘ச’ என்ற ஷட்ஜமும் ‘ப’ என்ற பஞ்சமமும் சேர்ந்து ஒலிப்பதுதான் முழு நிறைவு. காந்தாரம் சேர்ந்தால் அது ஓய்வில்லாத, கடந்து போகவேண்டிய ஓசை. 15-ஆம் நூற்றாண்டில் அந்தக் காந்தாரம் உட்கார இடம் பிடித்துக்கொண்டது. 1436-இல் ஃப்ளாரன்ஸ் நகரின் பெருங்கோவில் அர்ப்பணிக்கப்பட்டபோது பாடுவதற்காக கியோம் டுஃபாய் இயற்றிய பாடலில் டெனர் குரல்கள் இரண்டும் பழைய முறைப்படியே நகர, மேலே உள்ள குரல்கள் காந்தாரத்தின் இனிமையில் மிதக்கின்றன.

காதில் நேர்ந்த இந்த மாற்றம் கருவி செய்பவர்களின் தலையில் ஒரு கணக்குச் சிக்கலாக விழுந்தது. சுத்தமான பஞ்சமம் 3:2 என்ற விகிதம். அதை நான்கு முறை ஏற்றி, இரண்டு ஸ்தாயி கீழே இறக்கினால் 81:64 என்ற காந்தாரம் கிடைக்கிறது. காது இனிமை என்று ஏற்கும் காந்தாரமோ 5:4, அதாவது 80:64. இடையில் இருப்பது எண்பதில் ஒரு பங்கு மட்டுமே. ஆனால் குழலும், குழாய்களில் காற்றைச் செலுத்தி ஒலிக்கும் ஆர்கனும் அதை நீட்டி ஒலிக்கும்போது அது அதிர்வாக உறுத்தும். பாடகர்கள் அந்த இடத்தைத் தொண்டையில் சரிசெய்துகொள்வார்கள். ஆர்கனின் குழாய்க்குத் தொண்டை கிடையாது. 1523-இல் வெனிஸில் பியெத்ரோ ஆரோன் வெளியிட்ட நூலில் ஒரு வழி வருகிறது: ஒவ்வொரு பஞ்சமத்தையும் அந்தச் சிறு வித்தியாசத்தில் நான்கில் ஒரு பங்கு குறைத்துவிட்டால், நான்கு பஞ்சமங்களுக்குப் பின் கிடைக்கும் காந்தாரம் சுத்தமாக இருக்கும். பஞ்சமத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்துக் காந்தாரத்தை வாங்கிக்கொள்ளும் பேரம் இது. இதற்கு ஒரு விலையும் உண்டு: ஒரே கறுப்புக் கட்டை இரண்டு சுரங்களுக்குப் பொது என்பது இந்த முறையில் செல்லாது. அதனால் சில ஆர்கன்களில் கறுப்புக் கட்டைகளை முன்பாதி, பின்பாதி என்று வெட்டி இரண்டு சுரம் வைத்தார்கள். நிக்கோலா விச்செந்தினோ 1555-இல் விவரித்த கருவியில் ஒரு ஸ்தாயிக்கு முப்பதுக்கும் மேற்பட்ட கட்டைகள். அதை வாசிக்கும் பொறுமை எத்தனை பேருக்கு இருந்திருக்கும் என்பது வேறு விஷயம்.

பெட்டிக்கு மறுபடி வருவோம். நான்கு குரல் என்றால் நான்கு உயரம். அதனால் ரெக்கார்டர் என்றால் ஒரு கருவி என்று அக்காலத்தில் யாரும் நினைக்கவில்லை. சிறியது, நடுத்தரம் இரண்டு, பெரியது என்று குறைந்தது நான்கு. அவற்றின் அடிச்சுரங்கள் பெரும்பாலும் ஒன்றிலிருந்து ஒன்று பஞ்சம இடைவெளியில் அமைந்தவை. ஒரே மரத்துண்டில் அகலமான துவாரம் குடைந்து செய்வார்கள். அதனால் கீழ்ச்சுரங்கள் கனமாக ஒலிக்கும்; மேலே எட்டும் சுரங்களின் எண்ணிக்கை பிற்காலத்துக் குழல்களை விடக் குறைவு. சிறு குழல்களின் அடியில் ஒரு நுட்பம் உண்டு. எந்தக் கை மேலே, எந்தக் கை கீழே என்ற வழக்கம் அப்போது உறுதிப்படவில்லை. ஆகவே சுண்டுவிரல் துளையை இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாக இரண்டு போட்டுவிடுவார்கள். வாங்கியவர் தனக்கு வேண்டாத துளையை மெழுகால் அடைத்துக்கொள்வார். நாகசுரத்தின் அடித்துளைகளை மெழுகால் அடைத்துச் சுருதி சரிபார்ப்பதைக் கண்டவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. பெரிய குழலில் விரல் எட்டாது என்பதால் பித்தளைச் சாவி ஒன்று வரும்; அதன் வாலை மீன்வாலைப் போல இருபுறமும் விரித்து, எந்தக் கைச் சுண்டுவிரலும் அழுத்தும்படி அமைத்தார்கள்.

ஹென்றியின் பெட்டிகளுக்குப் பின்னால் ஒரு குடும்பமும் இருக்கிறது. வெனிஸில் கருவி செய்து வாசித்தும் வந்த பஸ்ஸானோ சகோதரர்கள் ஐவரை 1540-ஐ ஒட்டி ஹென்றி லண்டனுக்கு வரவழைத்தார். மடங்கள் கலைக்கப்பட்ட காலம் அது. சார்ட்டர்ஹவுஸ் என்ற மடம் காலியாக இருந்தது. துறவிகள் இருந்த அறைகள் இவர்களுக்கு வீடாகவும் பட்டறையாகவும் ஆயின. செய்பவர்களும் அவர்களே, அரசவையில் சேர்ந்து வாசிப்பவர்களும் அவர்களே. அந்தக் குடும்பத்தினர் நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆங்கிலேய அரசவையில் தொடர்ந்து பணியாற்றினார்கள்.

கருவிகள் குரலைப் பார்த்துப் பிறந்தவை என்று நான் சொல்வது பின்னாளின் ஊகமாகத் தோன்றலாம். வெனிஸ் அரசின் ஊழியத்தில் இருந்த சில்வெஸ்த்ரோ கனாஸ்ஸி 1535-இல் ரெக்கார்டர் பயிற்சிக்காக வெளியிட்ட ஃபொன்தெகாரா என்ற நூலின் தொடக்கத்திலேயே இதைச் சொல்லிவிடுகிறார்: எல்லாக் கருவிகளும் மனிதக் குரலை விடத் தாழ்ந்தவை, ஓவியர் இயற்கையைப் பார்த்து வரைவது போலக் கருவி வாசிப்பவர் குரலைப் பின்பற்றிப் பழகவேண்டும். தொடர்ந்து மூச்சை மென்மையாகவும் அழுத்தமாகவும் விடுவது எப்படி, நாவால் ‘தெ கெ’, ‘தெ ரெ’, ‘லெ ரெ’ என்று வெவ்வேறு அசைகளைத் தட்டிச் சுரங்களைப் பிரிப்பது எப்படி என்று அவர் கற்பிக்கும்போது, வாசிப்பதைவிடப் பேசக் கற்றுக்கொடுப்பது போலவே இருக்கிறது.

இதற்கு நேர் எதிரான சாட்சியாகத் தோன்றி, கடைசியில் இதையே உறுதிசெய்யும் கருவி க்ரம்ஹார்ன். ஜெர்மன் மொழியில் ‘வளைந்த கொம்பு’ என்று பொருள். மரத்தை நேராகக் குடைந்து, பிறகு சூட்டில் வளைத்து, கைத்தடியைத் தலைகீழாகப் பிடித்தது போல அடியை மேல்நோக்கி நிமிர்த்திவிடுவார்கள். உள்ளே நாகசுரத்தில் உள்ளதைப் போன்ற இரட்டைச் சீவாளி உண்டு. ஆனால் அது வாசிப்பவர் உதட்டில் படாது, ஒரு மரமூடிக்குள் அடைந்து கிடக்கும். மூடியின் துவாரத்தில் ஊதினால் தேனீக்கூட்டம் இரைவது போன்ற ஓசை வரும். முதல்முறை கேட்பவர்கள் சிரித்துவிடுவதும் உண்டு. உதடு சீவாளியைத் தொடாததால் ஓசையை ஏற்றி இறக்க வழியில்லை. மேல் ஸ்தாயிக்குத் தாவவும் முடியாது. மொத்தம் ஒன்பது சுரம், சில கருவிகளில் சாவியின் உதவியால் ஒன்றிரண்டு கூடுதல். இவ்வளவு முடங்கிய கருவியை அரசர்கள் ஏன் பெட்டி பெட்டியாக வாங்கினார்கள்?

பல்குரல் இசையின் எழுத்துமுறையைப் பார்த்தால் புரியும். சுரங்களைக் குறித்து எழுதும் ஐந்து கோடும் அவற்றின் இடைவெளிகளும் சேர்ந்து ஒன்பது இடம். மேலும் கீழுமாக ஒட்டி நிற்பவற்றையும் சேர்த்தால் பதினொன்று. இசையமைப்பாளர்கள் ஒரு குரலை அந்த ஐந்து கோட்டை விட்டு வெளியே அதிகம் போகவிடுவதில்லை. கோட்டுக்கு வெளியே போகும்போல் இருந்தால், எந்தக் கோடு எந்தச் சுரம் என்று காட்டும் சாவிக்குறியை இடம் மாற்றி எழுதுவார்கள். சாதாரண மனிதர் சிரமம் இல்லாமல் பாடக்கூடிய எல்லையும் ஏறக்குறைய அதுவே. ஆகவே ஒவ்வொரு கருவிக்கும் ஒன்பது பத்து சுரம் இருந்தால் போதும், நான்கு கருவிகள் சேர்ந்து சுரங்களின் முழு எல்லையையும் நிரப்பிவிடும். ஓசையை ஏற்றி இறக்கும் வேலையும் குரல்கள் சேர்வதிலும் விலகுவதிலும் தானாக நடந்துவிடுகிறது. தனியாக எடுத்துப் பார்த்தால் ஊனமாகத் தெரியும் க்ரம்ஹார்ன், பெட்டிக்குள் இருக்கும்போது எந்தக் குறையும் இல்லாதது.

குழுவை நம்பாமல் தனித்து நின்ற கருவி லூட். அராபியரின் ஊத் என்ற கருவியும் அதன் பெயரும் ஸ்பெயின் வழியாக உள்ளே வந்து லூட் ஆனது. 15-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை இறகுத் துண்டால் மீட்டி ஒரு மெட்டை மட்டும் வாசித்துவந்தவர்கள், இறகை வைத்துவிட்டு விரல்களால் மீட்டத் தொடங்கியதும் நிலைமை மாறியது. கட்டைவிரல் கீழ்க்குரலையும் மற்ற விரல்கள் மேல்க்குரல்களையும் எடுத்துக்கொள்ள, நான்கு பேர் பாடுவதை ஒரே ஆள் மடியில் வைத்துக்கொண்டு வாசிக்கலாம் என்றாயிற்று. மிலானைச் சேர்ந்த ஃப்ரான்செஸ்கோவை ‘தெய்விகர்’ என்று அழைத்தது இதற்காகத்தான்.

லூட்டின் உடலைக் கையில் எடுத்தவர்கள் முதலில் வியப்பது அதன் எடையை. வீணையின் குடத்தைப் போல ஒரே மரத்தில் குடைந்ததல்ல. ஆஷ், மேப்பிள் போன்ற மரங்களின் மெல்லிய பட்டைகளைச் சூட்டில் வளைத்து, ஒன்பது பதினொன்றை விளிம்போடு விளிம்பாக ஒட்டி, பாதியாகப் பிளந்த பேரிக்காய் வடிவத்துக்குக் கொண்டுவருவார்கள். மேற்பலகை ஸ்ப்ரூஸ் மரத்தில் ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் கனம். அதன் நடுவில் உள்ள பூவேலை தனியாகச் செய்து பொருத்தியதல்ல, அந்தப் பலகையிலேயே கத்தி முனையால் செதுக்கியது. பிரடைகள் இருக்கும் தலைப்பகுதி கழுத்திலிருந்து ஏறக்குறைய செங்குத்தாகப் பின்னால் மடிந்திருக்கும். ஆட்டுக்குடலை முறுக்கிச் செய்த நரம்புகள், ஆறு வரிசையில் பதினொன்று. ஆல்ப்ஸ் மலையடிவாரத்து ஃபுஸன் நகரில் லூட் செய்பவர்கள் 1562-இல் தங்களுக்கென்று ஒரு சங்கமே அமைத்தார்கள். அந்தப் பகுதிகளிலிருந்து இத்தாலிக்குக் குடிபெயர்ந்த கைவினைஞர்கள் பலர். போலோன்யாவில் பட்டறை வைத்திருந்த ஜெர்மானியர் லௌக்ஸ் மாலர் 1552-இல் இறந்தபோது எடுத்த கணக்கில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட லூட்கள் இருந்தன. கைவினைப் பட்டறை என்று நாம் நினைப்பதை விட, அது ஒரு தொழிற்சாலைக்கு நெருக்கமானது.

குடல் நரம்பு ஈரப்பதத்துக்கு ஏற்ப இளகும், இறுகும். சுருதி சேர்ப்பது எப்படி என்ற கேள்விக்குப் பல பயிற்சி நூல்கள் தரும் முதல் அறிவுரை எளியது: மிக மெல்லிய நரம்பை அறுந்துபோகாத அளவுக்கு எவ்வளவு ஏற்ற முடியுமோ அவ்வளவு ஏற்று, மற்றவற்றை அதற்குச் சேர்த்துக்கொள். பொதுவான சுருதி என்று ஒன்று இல்லாத காலத்தில் நரம்பின் உயிரே சுருதி. எண்பது வயதான லூட் வாசிப்பவர் அதில் அறுபது ஆண்டைச் சுருதி சேர்ப்பதிலேயே கழித்திருப்பார் என்று பிற்காலத்தில், 1713-இல், ஜெர்மன் இசை எழுத்தாளர் யோஹான் மாட்டெஸன் கேலி செய்ததில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது.

நரம்பை எங்கே அழுத்துவது என்று காட்டும் மெட்டுகள் வீணையில் மெழுகில் பதிந்தவை. லூட்டில் அவையும் குடல் நரம்புதான். கழுத்தைச் சுற்றிக் கட்டி முடிச்சுப் போட்டது, விரலால் நகர்த்தலாம். எங்கே கட்டுவது என்பதற்கு 1581-இல் லூட் கலைஞர் வின்சென்ஸோ கலிலேயி ஓர் எளிய விதி தருகிறார். நரம்பின் நீளத்தைப் பதினெட்டாகப் பகுத்து ஒரு பங்கு விட்டு முதல் மெட்டைக் கட்டு, மீதியைப் பதினெட்டாகப் பகுத்து அடுத்தது, இப்படியே தொடர். 60 செ.மீ. நரம்பில் கணக்குப் போட்டுப் பார்த்தால் பன்னிரண்டாவது இடத்தில் 30.2 செ.மீ. மிஞ்சுகிறது, மேல் ஸ்தாயிக்குச் சரியாக 30 வேண்டும். இரண்டு மில்லிமீட்டர் பிழை. ஆனால் விரலால் அழுத்தும்போது நரம்பு சற்று இறுகி ஓசை ஏறுவதால், நடைமுறையில் அந்தப் பிழை உதவியாகவே முடிகிறது. இதே மனிதர் நரம்புகளில் எடையைக் கட்டித் தொங்கவிட்டுச் சோதித்து, மேல் ஸ்தாயி வேண்டுமானால் இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு எடை வேண்டும் என்று கண்டு, பித்தாகரஸின் பெயரால் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் திருப்பிச் சொல்லப்பட்ட ஒரு கதையைப் பொய்யாக்கினார். அவருடைய மூத்த மகன்தான் வானியலாளர் கலிலேயோ.

லூட்டுக்கு எழுதும் முறையும் வேறு. டேப்லேச்சர் என்ற அம்முறையில் ஆறு கோடு ஆறு வரிசை நரம்பைக் குறிக்கும். கோட்டின் மேல் எழுதும் எண்ணோ எழுத்தோ எந்த மெட்டில் விரல் வைப்பது என்று சொல்லும். என்ன சுரம் என்பதை அது சொல்லாது. இன்று கிட்டார் பழகுபவர்கள் இணையத்தில் தேடி எடுக்கும் ‘டேப்’ இதன் நேர் வாரிசு. ஆராய்ச்சியாளர்களுக்கு இது ஒரு புதையல். பாடகர்களுக்கான ஏடுகளில், எங்கே சுரத்தை அரைப்படி ஏற்றவேண்டும், எங்கே இறக்கவேண்டும் என்பதைப் பெரும்பாலும் எழுதமாட்டார்கள். தெரிந்தவர்களுக்கு அது தெரியும் என்ற நம்பிக்கை. லூட் ஏட்டில் விரல் வைக்கும் மெட்டை மறைக்க வழியில்லை. அதனால் அதே பாடலின் லூட் வடிவத்தைப் பார்த்து, பாடகர்கள் உண்மையில் என்ன பாடியிருப்பார்கள் என்பதை ஓரளவு மீட்டெடுக்க முடிகிறது.

இவையெல்லாம் அரண்மனையைத் தாண்டி வீடுகளுக்குள் நுழைந்ததற்கு அச்சு காரணம். ஒத்தாவியானோ பெத்ருச்சி 1498-இல் வெனிஸ் அரசிடம் இருபது ஆண்டு உரிமை பெற்று, 1501-இல் பல்குரல் பாடல்களின் முதல் அச்சுத் தொகுப்பை வெளியிட்டார். தலைப்பு நூறு பாடல் என்கிறது. உள்ளே இருப்பது தொண்ணூற்றாறு. ஒரே தாளை மூன்று முறை அச்சில் ஏற்றினார் என்று தெரிகிறது. கோடுகள் ஒருமுறை, சுரக்குறிகள் ஒருமுறை, எழுத்துகள் ஒருமுறை. கோட்டின் மேல் குறி மயிரிழை பிசகினாலும் சுரமே மாறிவிடும் என்பதை நினைத்தால், இன்றும் அந்தப் பக்கங்களின் துல்லியம் வியக்க வைக்கிறது. அடுத்த ஆண்டே ஜோஸ்கான் என்ற ஒரே இசையமைப்பாளரின் திருப்பலிப் பாடல்களைத் தனி நூலாக அச்சிட்டார். 1507-இல் லூட் நூல். ஆனால் மூன்று முறை அச்சேற்றுவதற்கு நேரமும் காசும் அதிகம். பாரிஸில் பியெர் அத்தென்யான் 1528-இல் வேறு வழியைப் பெரிய அளவில் பயன்படுத்தினார்: ஒவ்வொரு அச்செழுத்திலும் சுரக்குறியோடு கோடுகளின் சிறு துண்டும் சேர்ந்தே இருக்கும். அடுக்கினால் கோடு தானாக உருவாகிவிடும். ஒருமுறை அச்சிட்டால் போதும். துண்டுகள் சேரும் இடங்களில் கோடு விட்டு விட்டுத் தெரிவது அழகைக் கெடுத்தது. வாங்கியவர்கள் அதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

அந்த நூல்கள் இன்றைய இசை ஏடுகளைப் போல எல்லாக் குரலையும் ஒரே பக்கத்தில் காட்டுவன அல்ல. குரலுக்கு ஒரு சிறு புத்தகம். நான்கு குரல் என்றால் நான்கு புத்தகம். தாளக் கோடுகளும் இல்லை. பாடுபவருக்குத் தன் வரி மட்டுமே தெரியும்; மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதைக் காதால்தான் அறியவேண்டும். தவறினால் பிடித்துக்கொள்ள எதுவும் கிடையாது. 1597-இல் ஜான் டௌலண்ட் லண்டனில் வெளியிட்ட பாடல் நூல் இதற்கு ஓர் அழகான மாற்றைக் கண்டது. பெரிய புத்தகம் ஒன்றை மேசையின் நடுவே விரித்து வைத்தால், இடப்பக்கத்தில் முதல் குரலும் லூட்டும் நேராகவும், வலப்பக்கத்தில் மற்ற மூன்று குரல்கள் மூன்று திசை பார்த்தும் அச்சாகியிருக்கும். மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் அவரவர் இடத்திலிருந்தே படிக்கலாம். ஆள் இல்லையென்றால் முதல் குரலும் லூட்டும் மட்டும் போதும்; ஒரு குரலைக் கருவியில் வாசித்தாலும் தவறில்லை. அந்த ஒரே பக்கத்தைப் பார்த்தால், எந்தக் குரலை எந்தக் கருவி வாசிக்கவேண்டும் என்ற கேள்வியே அக்காலத்தில் பெரிதாக எழவில்லை என்பது விளங்கும்.

ஒரு பாகுபாடு மட்டும் கண்டிப்பாக இருந்தது: உரத்த கருவி, மெல்லிய கருவி. ஷாம் என்ற கருவியும் சாக்பட் என்ற ஆதி ட்ராம்போனும் வெளியிடங்களுக்கு. லூட், ரெக்கார்டர், வில்லால் வாசிக்கும் வயோல் ஆகியவை அறைக்குள். ஷாம் நம் நாகசுரத்தின் தூரத்து உறவு. சீவாளி, கூம்பு உடல், விரிந்த அணசு எல்லாம் உண்டு. ஊர்வலத்துக்கும் திருவிழாவுக்கும் உரியது என்பதிலும் ஒற்றுமை. வகுப்புப் பாகுபாடும் கருவியோடு ஒட்டிக்கொண்டது. 1556-இல் லியோன் நகரில் ஃபிலிபெர் ஜாம்ப் த ஃபெர் எழுதுகையில், கால்களுக்கிடையே நிறுத்தி வாசிக்கும் வயோல் கனவான்களும் வணிகர்களும் பொழுதுபோக்க வாசிப்பது; வயலின் நடனத்துக்கும் கல்யாண ஊர்வலத்துக்கும் வாசிப்பது, அதை வைத்துப் பிழைப்பவர்களைத் தவிர வேறு யாரும் வாசிப்பதைக் காண்பது அரிது என்கிறார். 1530-களில் வட இத்தாலியில் உருவெடுத்த வயலினின் தொடக்க மதிப்பு அவ்வளவுதான்.

இவ்விரு உலகமும் சேர்ந்த இடம் வெனிஸின் சான் மார்க்கோ. எதிரெதிர் மாடங்களில் இரண்டு ஆர்கன் இருந்த அந்தத் தேவாலயத்தில் பாடகர்களைப் பிரித்து நிறுத்திப் பாடவைப்பது வழக்கமாயிற்று. 1568-இல் ஜிரோலமோ தல்லா காஸாவின் தலைமையில் நிரந்தரக் கருவிக் குழுவும் அமைந்தது. அதன் நாயகன் கார்னெட்: மரத்தை வளைவாக இரண்டு பாதிகளாகக் குடைந்து ஒட்டி, கறுப்புத் தோலால் இறுக்கிப் போர்த்தியது; குழலைப் போல் விரல் துளைகள், எக்காளத்தைப் போல் உதடு அதிர ஊதும் சிறு கிண்ணம். குரலுக்கு இதைவிட நெருங்கிய கருவி வேறில்லை என்று பலரும் எழுதினார்கள். இருள் சூழ்ந்த தேவாலயத்தில் பாயும் சூரியக் கதிர் என்று பிரெஞ்சு அறிஞர் மெர்ஸென் 1636-இல் வருணிக்கிறார். அங்கே ஆர்கன் வாசித்த ஜியோவன்னி கப்ரியேலி 1597-இல் அச்சிட்ட, சொனாட்டா என்ற கருவியிசைப் படைப்பு ஒன்றில் ஒரு கார்னெட்டும் மூன்று ட்ராம்போனும் ஒரு பக்கம், ஒரு வயலினும் மூன்று ட்ராம்போனும் மறுபக்கம் என்று கருவிகளின் பெயரையே எழுதிவிட்டார். எங்கே மெல்ல, எங்கே உரக்க என்பதும் அதில் உண்டு. இசைக்கு இது சிறிய குறிப்புதான். ஆனால் எந்தக் குரலை எந்தக் கருவியும் வாசிக்கலாம் என்ற பழைய உலகத்துக்கு அது முடிவின் தொடக்கம்.

சமயச் சண்டைகளும் இசையைத் தொட்டன. சூரிக் நகரின் பெருங்கோவில் ஆர்கனை 1527-இல் சமயச் சீர்திருத்தக்காரர்கள் உடைத்தெடுத்தார்கள். லூட் வாசித்த இன்னொரு சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதரோ ஜோஸ்கானைக் கொண்டாடினார். கத்தோலிக்கத் தரப்பில் சொற்கள் கேட்பதில்லை என்ற குறை திருச்சபைத் தலைவர்கள் கூடிய ட்ரெண்ட் பொதுச்சங்கத்தில் எழுந்தது. மூன்று வாரம் மட்டுமே திருத்தந்தையாக இருந்த மார்செல்லுஸின் பெயரில் இசையமைப்பாளர் பலெஸ்த்ரினா எழுதிய திருப்பலிப் பாடலே பல்குரல் இசையைத் தடையிலிருந்து காப்பாற்றியது என்ற கதை பிற்காலத்தில் கட்டப்பட்டது. ஆனால் உண்மையான அடி வேறு திசையிலிருந்து வந்தது. நால்வர் ஒரே நேரத்தில் வெவ்வேறு சொல்லைச் சொன்னால் எந்த உணர்ச்சி மனதில் தைக்கும் என்று கேட்டவர் மேலே பார்த்த வின்சென்ஸோ கலிலேயி. ஃப்ளாரன்ஸில் அவரைச் சுற்றி இருந்தவர்கள் பழைய கிரேக்கர்களைப் போல ஒருவர் மட்டும் பாடவேண்டும் என்றார்கள். 1600-ஐ ஒட்டி ஒரு குரலும் அதன் கீழே துணைக்கருவியும் என்ற அமைப்பு பரவியது. அதிலிருந்து ஓபரா பிறந்தது.

ஒருவர் பாடும்போது பெட்டி எதற்கு? புதிய இசை மேலும் கீழும் தாவியது, சொல்லுக்குச் சொல் ஓசையை ஏற்றி இறக்கியது. ஒன்பது சுரக் கருவிக்கு அங்கே வேலையில்லை. க்ரம்ஹார்ன் 17-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் மறைந்தது. ரெக்கார்டர் மூன்று துண்டாகப் பிரிந்து, துவாரம் குறுகி, தனி வாசிப்புக்கான கருவியாக உருமாறியது. வயலின் மேலேறியது. வயோல் குழு இங்கிலாந்தில் மட்டும் கொஞ்சம் தாக்குப்பிடித்து, 1680-இல் இசையமைப்பாளர் பர்செல் அதற்காக எழுதிய ஃபான்டசியா என்ற படைப்புகளோடு அடங்கிற்று.

போவதற்கு முன் ஒருவர் அவற்றை அளந்து வைத்தார். ஜெர்மன் இசையமைப்பாளர் மிக்கேல் பிரெட்டோரியுஸ் 1619-இல் வெளிவந்த தம் பெரு நூலின் இரண்டாம் பாகத்தில் குடும்பம் குடும்பமாகக் கருவிகளை விவரித்து, 1620-இல் மரச்செதுக்குப் படங்களையும் சேர்த்தார். படங்களோடு ஓர் அளவுகோலையும் அச்சிட்டார். இருபதாம் நூற்றாண்டில் இக்கருவிகளை மறுபடி செய்ய முனைந்தவர்கள் அந்த அளவுகோலை வைத்தே பல நீளங்களைக் கணக்கிட்டார்கள். படத்தில் இல்லாதவற்றுக்கு மண்ணும் கடலும்தான் துணை. 1545 ஜூலை 19 அன்று ஹென்றியின் கண்ணெதிரே மூழ்கிய மேரி ரோஸ் என்ற போர்க்கப்பலின் சேற்றிலிருந்து இரண்டு பிடில்கள், மூன்று சிறு குழல்கள், ஒரு கைமுரசு, ஒரு ஷாம் ஆகியவை கிடைத்தன. அந்த ஷாமின் உட்புறம் மற்ற ஷாம்களைப் போலக் கூம்பாக விரியவில்லை, ஒரே சீராகக் குறுகலாக இருந்தது. அதே அளவில் புதிதாகச் செய்து ஊதியபோது, ஊர்வலத்தின் முழக்கத்துக்குப் பதிலாக ஒரு தணிந்த, மென்மையான ஓசை எழுந்தது. ஏடுகளில் மெல்லிய ஷாம் என்று பெயர் மட்டும் தெரிந்திருந்த வகையில் இன்று எஞ்சியிருப்பது அந்த ஒன்றுதான்.